ஒரகடத்தில் நல்ல பன்னைத் தள்ளிய கேமரா

2005 ஐப்பசியில் நான் ஒரகடம் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே ஒரு பன் தொழிற்சாலையில் நாங்கள் பொருத்திய கேமரா, நன்றாக வெந்த பன்களையும் வேகவில்லை என்று தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் சரியாகாவிட்டால் கழற்றி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் வேலையாகப் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

கோயம்பேட்டில் காலை 5.40க்குப் பேருந்து. ஸ்ரீபெரும்புதூர் வரை பதினான்கு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பத்து ரூபாய்; மழையென்றால் பதினைந்து.

"இன்னா ரிப்பேரு சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"பன் வெந்திருக்கான்னு பாக்குற கேமரா."

"அத்த பிச்சுப் பாத்தா தெரியாதா?"

பத்து ரூபாயைக் கொடுத்து இறங்கினேன்.

பெல்ட்டில் சூடாக வரும் பன்கள் ஒரு பெட்டிக்கு அடியில் போகும். பெட்டியின் கண்ணாடி வழியே கேமரா படம் எடுக்கும். நிறம் வெளுத்திருந்தால் காற்றடித்துத் தள்ளிவிடும். முதல் நாள் டியூப் லைட்டுகளை மாற்றினேன். இரண்டாம் நாள் நிற அளவைத் திருத்தினேன். ஒழுங்காக ஓடும், திடீரென்று நாற்பது பன் வெளியே விழும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குறையும் தெரியாது. மூடினால் மறுபடி ஒழுங்காக ஓடும். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை மாரியம்மாள் வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கேமராவுக்கு முன்னால் நின்று பன்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் நான்கு பெண்களில் ஒருவர்.

"சார், ஒண்ணு சொல்லுதேன். டீக்கு லைன நிறுத்தித் திரும்ப ஓட்டும்போதுதான் இது தள்ளுது."

அன்று டீக்குப் போகாமல் பெட்டியருகே குனிந்து நின்றேன். நின்றுபோன சூடான பன்களிலிருந்து ஆவி எழுந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. அதன் வழியே பார்த்த கேமராவுக்கு நல்ல பன்னும் வெளுத்துத் தெரிந்திருக்கிறது. லைன் ஓடிய ஐந்தாவது நிமிடத்தில் அது மறைந்துவிட்டது. இரண்டு நாளும் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறைந்ததும் இதுதான். சின்ன மின்விசிறி ஒன்றைப் பொருத்தினேன். தள்ளுவது நின்றது.

"இது சரியானா உங்க வேலைக்குத்தான ஆபத்து, ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க நல்லதுன்னு விட்டதத்தான அது தள்ளுது. வேகாத பன்ன நாங்கதான் இத்தன நாளா விட்டோம்னு மேனேஜர் நெனச்சிட்டு இருக்காரு சார்."

மாலை ஐந்து மணிக்கு, கேமரா சரியாகிவிட்டது என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டார். கேமரா சொன்னது தவறு என்று அந்தப் பெண்களிடம் அவர் சொன்னாரா, தெரியவில்லை. அடுத்த மாதம் போன் செய்தபோது நால்வரையும் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மகிழ்வதா வருந்துவதா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

போகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலேயே தங்குங்கள். லாட்ஜ் நூற்றைம்பது ரூபாய். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆட்டோ கிடைக்காது. கேமரா பொருத்தப் போகிறவர்கள் முதல் நாளே பிரிக்கும் பெண்களிடம் பேசுங்கள். லைனை நிறுத்தும்போது பக்கத்தில் இருங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன், அந்தப் பெண்கள் சொன்னதுதான் சரி என்று மேனேஜரிடம் அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சொல்லாமல் வந்துவிட்டேன்.