நோன்பு திறந்த தண்ணீர்

ரங்கூனுக்கு ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள டாலாவில், படகுத்துறையிலிருந்து சைக்கா என்கிற மூன்றுசக்கர சைக்கிள் வண்டியில் அரை மணி நேரம் உள்ளே போனால் ஒரு குடிதண்ணீர்க் குளம் வரும். மழை கொடுத்தால்தான் அதில் தண்ணீர். அந்தப் பக்கம் கிணறு தோண்டினால் உப்பு; ஆறு அதைவிட உப்பு. ஐப்பசியில் மழை நின்றால் வைகாசியில் மறுபடி பிடிக்கும்வரை சுற்றியுள்ள நாற்பது ஐம்பது குடும்பங்களும் அந்தக் குளத்தை நம்பித்தான் இருந்தன. செருப்போடு யாரும் கரையேறக் கூடாது. மாடு அண்டக் கூடாது. மாலை நாலு மணிக்கு வேலிக்கதவு திறக்கும், ஐந்துக்குச் சாத்தும். வீட்டுக்கு இரண்டு தகரம் தண்ணீர். மந்திரி வீடானாலும் இரண்டுதான் என்பாள் சொர்ணம்மாள். மந்திரி யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கதவின் சாவி ஹாஜராவிடம் இருந்தது.

எண்பத்தெட்டில் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டத்தில் ரங்கூனே கொதித்துக் கிடந்தபோது அவள் புருஷன் பர்கத்துல்லா காய்ச்சலில் விழுந்தார். சைக்கா ஓட்டிப் பிழைத்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆற்றில் படகு ஓடவில்லை. மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டார். விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களை முடித்து ஹாஜரா வெளியே வந்ததும் பேட்டைக்காரர்கள் கூடிப் பேசி, குளக்கரையிலேயே குடியிருப்பவள் என்று சாவியை அவளிடம் கொடுத்தார்கள். “இவளுக்கு ஏமாத்தத் தெரியாது, பாவம்” என்று பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் சொன்னதுதான் சிபாரிசு.

வேலை பெரிதொன்றும் இல்லை. பாசி எடுக்க வேண்டும், வேலி பார்க்க வேண்டும். அதோடு ஒரு வழக்கமும் இருந்தது. கதவு திறக்கும் முன்னால் காவல் இருப்பவர் வரிசையில் நிற்கிற எல்லாரும் பார்க்க ஒரு வாய் அள்ளிக் குடிக்க வேண்டும். விழுங்கினால் தண்ணீர் நல்லது, கதவு திறக்கும். துப்பினால் அன்றைக்குக் கதவு கிடையாது. பர்மாக்காரரோ தமிழரோ, அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆறு வருஷத்தில் ஹாஜரா இரண்டே முறை துப்பியிருந்தாள். இரண்டு முறையும் உள்ளே எலி செத்துக் கிடந்தது.

நோன்பு மாதத்தில் மட்டும் அந்த வாயை சொர்ணம்மாள் குடிப்பாள். “நீ பட்டினி கிட, உனக்குப் பதிலா நான் சொர்க்கத்துக்குப் போறேன்” என்று கேலி செய்துகொண்டே குடிப்பாள்.

தொண்ணூற்று மூன்று கடைசியில் குளத்துக்குப் பின்னால் வயல்வெளியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்து இறங்கியது. அரசாங்கம் இடம் காட்டிவிட்டது. நெல் அறுத்த தாள்கூடக் காயாத வயலில் இரும்புக் கோபுரம் எழுந்தது. ராப்பகலாகப் பூமியைத் துளைத்தார்கள். உள்ளேயிருந்து வந்த கருஞ்சேற்றைக் கொட்டக் குளத்துக் கரையை ஒட்டியே ஒரு பெரிய பள்ளம் வெட்டினார்கள். வயல் பறிபோனவர்கள் வாயைத் திறக்கவில்லை. ராணுவ ஆட்சி, ஐந்து பேர் கூடி நின்றாலே கேள்வி கேட்கிற காலம்.

தை பிறந்ததும் குளத்தின் தென்கரையோரம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. ஹாஜரா அதைக் கையால் விலக்கி மொண்டு பார்த்தாள். லேசாக மண்ணெண்ணெய் வாசம். படித்துறைப் பக்கம் அது இன்னும் எட்டவில்லை.

சொர்ணம்மாள் சும்மா இருக்கவில்லை. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மனு எழுதி, முப்பது வீட்டில் கைநாட்டு வாங்கினாள். முதல் கைநாட்டு அவளுடையது. மழை வந்தால் பள்ளம் நிரம்பிக் குளத்தில் கலந்துவிடும், அதற்குள் பள்ளத்தை வேறிடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் மனு.

நோன்பு பிறந்து எட்டாம் நாள் பேட்டைத் தலைவர் ஊ மோ மிய்ன் ஹாஜரா வீட்டு வாசலில் வந்து நின்றார். பழைய ஆள், கெட்டவர் அல்ல, ஆனால் மேலே இருந்து வருகிற காகிதத்தைக் கண்டால் நடுங்குவார். அந்தப் பக்கம் மரியாதைக்குப் பெண்களை ‘டோ’ என்றும் ஆண்களை ‘ஸயா’ என்றும் பர்மியில் கூப்பிடுவார்கள்.

“டோ ஹாஜரா, நாளைக்கு நாலு மணிக்கு ஆபீசர் வர்றார், கம்பெனி ஆளும் கூட வர்றார். உங்க வழக்கத்தை நான் சொல்லியிருக்கேன். நீங்க குடிக்கிறதைப் பார்த்துத்தான் மனுவுக்குப் பதில் எழுதுவாங்களாம்.”

“எனக்கு நோன்பாச்சே ஸயா. இந்த மாசம் சொர்ணக்காதானே குடிக்கிறாங்க.”

“அவங்க மனு போட்டவங்க. அவங்க வாய் செல்லாதாம். காவல்காரர் வாய்தான் வேணுமாம்.”

அன்று முழுக்க ஹாஜராவுக்கு அதே யோசனை. வாயில் விட்டுத் துப்பினால் நோன்பு முறியாது, அவசியத்துக்கு ருசி பார்க்கலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சொட்டு தவறி உள்ளே போய்விட்டால்? அதோடு இன்னொன்றும் தோன்றியது. நோன்பு திறக்கிற நேரத்தில், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் குடித்துவிட்டு, இது நாறுகிறது என்று ஒருத்தி சொன்னால் எந்த ஆபீசர்தான் நம்பாமல் போவார்? அப்படித்தான் அந்தப் பேதை மனம் கணக்குப் போட்டது.

மறுநாள் நாலு மணிக்கு அவர்கள் வந்தபோது அதைத்தான் கேட்டாள். “மன்னிக்கணும் ஸயா. பொழுது சாய்ஞ்சு பாங்கு சொன்னதும் இதே தண்ணியில நோன்பு திறக்கிறேன். அதுவரைக்கும் பொறுங்க.”

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். கூட வந்திருந்த போட்டோ பிடிக்கிறவர் சாயங்கால வெளிச்சம் நன்றாகவே இருக்கும் என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். தகரங்களோடு வந்த ஜனமும் காவடிக் கம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றது.

சூரியன் ஆற்றுப் பக்கம் இறங்கியது. தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஹாஜரா படியில் இறங்கிக் குவளையில் மொண்டாள். முந்தானை முடிச்சில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. இவ்வளவு பேரைக் காக்க வைத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் அதை அவிழ்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பிஸ்மில்லா சொல்லிக் குவளையை வாயில் வைத்தாள்.

நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. விளக்குத்திரியைச் சப்பினது போல எண்ணெய்க் காறல்.

“துப்புடி!” என்று சொர்ணம்மாள் கத்தினாள். “ஹாஜரா, துப்பு!”

பகல் முழுக்க அல்லாஹ் ஒருவனுக்காகக் காத்த வாய் அது. அவன் கொடுத்த முதல் மிடறு. அதைத் தரையில் துப்புவது எப்படி? முப்பது வருஷமாக நோன்பு திறக்கிறவளுக்கு அது வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினாள்.

போட்டோ பிடிக்கிறவரின் கையில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

“எண்ணெய் நாத்தம் ஸயா!” அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். “நோன்புத் தண்ணிங்கிறதால விழுங்கினேன். இல்லேன்னா துப்பியிருப்பேன்.”

ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். “விழுங்கினால் நல்லது, துப்பினால் கெட்டது. இதுதானே உங்கள் வழக்கம்?”

“வழக்கம் அதுதான். ஆனா இன்னைக்கு...”

“விழுங்கினீர்களா, இல்லையா?”

“விழுங்கினேன்.”

அவர் எழுதிக்கொண்டார். படகைப் பிடிக்க வேண்டுமென்று எல்லாரும் புறப்பட்டார்கள். ஊ மோ மிய்ன் மட்டும் திரும்பிப் பார்த்து, “என்ன டோ ஹாஜரா இது, நீங்களே...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனார்.

சொர்ணம்மாள் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தானே வந்து வேலியோரம் உட்கார்ந்தாள்.

“ஏண்டி, அது நாத்தத் தண்ணின்னு உங்க அல்லாவுக்குத் தெரியாதா?”

“அவனுக்குத் தெரியும்க்கா. எனக்குத்தான் தெரியல.”

“முதல்ல அந்தப் பேரீச்சம்பழத்தை வாயில போட்டிருந்தா?”

“நோன்பு திறந்திருக்கும். அப்புறம் தண்ணியை நல்லாத் துப்பியிருக்கலாம்.”

சொர்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது ஹாஜராவின் கண் நனைந்திருந்தது.

அந்த வருஷ மழையில் பள்ளம் நிரம்பிக் கரை உடைந்தது. மீன்கள் வெள்ளையாக மிதந்தன. கம்பெனி தேடினது கிடைக்கவில்லை போல. அடுத்த வருஷமே கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. பள்ளத்தை மூடவில்லை. ஹாஜரா குளத்துக்குப் பூட்டுப் போட்டாள். பேட்டை ஜனம் ஒரு மைல் தள்ளியிருந்த இன்னொரு குளத்துக்குக் காவடி தூக்கியது. அங்கே வெளியாருக்கு வீட்டுக்கு ஒரு தகரம்தான். ஹாஜராவும் நடந்தாள். போகும்போது கால் வலிக்கும், வரும்போது தோள் வலிக்கும். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் பெரும்புயல் வந்து எல்லாக் குளத்திலும் உப்பு ஏறியது. புயல் போனபிறகு தரும காரியம் செய்கிறவர்கள் இயந்திரம் கொண்டுவந்து ஒவ்வொரு குளமாக இறைத்துத் தூர் வாரினார்கள். இந்தக் குளத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. ஹாஜரா ஒரு போத்தலில் குளத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பேட்டை ஆபீசுக்குப் போனாள். வயது அறுபதை நெருங்கிவிட்டது. முழங்கால் கெஞ்சியது. அங்கிருந்த புதுக் கிளார்க்கு பழைய காகிதக் கட்டைப் புரட்டி ஒரு படத்தை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தான்.

“இந்தக் குளம் உபயோகத்துல இல்ல, அதான் பட்டியல்ல வரல. புயல்ல உப்பு ஏறுறதுக்கு முந்தி தண்ணி நல்லாத்தான் இருந்துச்சுன்னு கோப்பு சொல்லுது. இது நீங்கதானே, அமே?”

படத்தில் கண்ணை மூடிக் குவளையோடு நிற்கிறாள். அமிர்தம் குடிக்கிறவள் போல இருக்கிறது முகம்.

“நான்தான். நோன்புத் தண்ணி, மகனே. துப்ப முடியல.”

அவனுக்கு விளங்கவில்லை. அவள் போத்தலின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அவன் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினான். பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தான். அதற்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

இயந்திரம் வந்து மூன்று நாள் இறைத்தது. அடியில் கறுப்புச் சேறு முழங்கால் ஆழம் இருந்தது. அதை அள்ளிக் கொட்டினார்கள். பள்ளத்தையும் மண் போட்டு மூடினார்கள். இரண்டு மழைக்காலங்கள் வந்து குளத்தை நிரப்பின. தாமரைகூட ஒன்றிரண்டு தலைகாட்டின.

இரண்டாயிரத்துப் பத்து, மாசி மாதம். நோன்பு காலம் அல்ல. நாலு மணிக்குத் தகரங்களோடு வரிசை நின்றது. பாதிப் பேர் புதியவர்கள். வழக்கம் மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹாஜரா செருப்பைக் கழற்றிவிட்டுப் படி இறங்கினாள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் அள்ளினாள். வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவளையே பார்த்தாள்.

நாக்கின் அடியில், மெல்ல, அந்தக் காறல் வந்தது.

ஹாஜரா கரைப்பக்கம் திரும்பி, எல்லாரும் காணும்படி துப்பினாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காவடிகள் தோளுக்கு ஏறின. அவள் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தன் இரண்டு தகரங்களை எடுத்தாள்.

“அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றாள் சொர்ணம்மாள்.

“இன்ஷா அல்லாஹ்” என்றாள் ஹாஜரா. ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது.