அன்பளிப்பு என்று எழுதிய கடன்

ஜெர்மனியின் தமிழ்ப் பள்ளிகள் மாநிலவாரியாகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்புத் தொடங்கிய புதிதில், பேர்லின் பள்ளிக்கு நான்தான் பொருளாளர். ஒவ்வொரு மாநிலமும் தலைமைக்குத் தன் பங்கைக் கட்டவேண்டும். எங்கள் பங்கு இரண்டு வருடமாக நிலுவையில் இருந்தது. பேர்லினின் நொய்கெல்ன் பகுதிக் கோவில் விழாவில் கொத்துரொட்டி போட்டு விற்று, ஒருவழியாக முழுவதையும் அனுப்பினேன். எதற்கான பணம் என்று வங்கி கேட்கும் இடத்தில் 'கடன்' என்று எழுதக் கை கூசியது. வெள்ளிக்கிழமை வேறு. 'அன்பளிப்பு' என்று எழுதிவிட்டேன்.

லைப்சிக்கில் நடந்த பொதுக்கூட்டத்தில் கூட்டமைப்புத் தலைவர் கடன்கார மாநிலங்களை ஒலிவாங்கியில் வாசித்தார். முதல் பெயரே பேர்லின். கட்டிவிட்டோமே என்று எழுந்தேன்.

"அக்கா, நீங்கள் அன்பளிப்பு எண்டெல்லோ எழுதியிருக்கிறியள். அதுக்கு நன்றி. கடன் அப்பிடியே நிக்குது. கட்டுமட்டும் உங்கட பிள்ளையளுக்குச் சோதினைப் பேப்பர் வராது."

மண்டபமே சிரித்தது. இரண்டாம்முறை கட்ட அப்போது எங்களிடம் பணமில்லை. அந்த வருடம் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமைப்பின் பரீட்சையை எழுதவில்லை. ஒருத்தி என் முன்னால் அழுதாள். இந்த மனிதரை ஒருநாள் அதே ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்த வருடம் கூட்டமைப்பின் ஆண்டுவிழா பேர்லினில் நடந்தது. மண்டப வாடகையைக் கூட்டமைப்புக்காக எங்கள் பள்ளி முன்கூட்டிக் கட்டியது. விழா முடிந்து தலைவர் அதைத் திருப்பி அனுப்பினார். சுரங்க ரயிலில் தொலைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். எதற்கு என்ற இடத்தில் அவரும் 'அன்பளிப்பு' என்றே எழுதியிருந்தார். அவருக்கும் கை கூசியிருக்கிறது. சிரித்த சிரிப்பில் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் நானாகவே ஒலிவாங்கியை வாங்கினேன்.

"அண்ணை, நீங்கள் அன்பளிப்பு எண்டெல்லோ எழுதியிருக்கிறியள். அதுக்கு நன்றி. மண்டபக் கடன் அப்பிடியே நிக்குது."

"அது வாடகைக் காசு எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அக்கா."

"ஓம், தெரியும். எங்கட காசு என்ன காசு எண்டு உங்களுக்கும் தெரிஞ்சுதானே இருந்தது."

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். எனக்கு இனித்தது, மறைக்கமாட்டேன்.

அந்தக் கிழமையே பேர்லினின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பரீட்சைத் தாள்களும் வந்தன. ஆனால் முதல் வருடம் எழுதாமல் போன பிள்ளைகளுக்கு அந்த வருடத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அதனால் என் கணக்குப் புத்தகத்தின் கடன்காரர் பக்கத்தில் கூட்டமைப்பின் பெயரை நான் இன்னும் வெட்டவில்லை.