அவள் வேண்டாமென்ற பதவி

என் டீமில் இருந்த ஒரு பெண்ணை மேனேஜர் ஆக்குவதற்காகப் பல மாதங்கள் பாடுபட்டேன். கிடைத்த அன்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் மேனேஜர். அந்தப் பெண் வாணியம்பாடிக்காரி. ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தாள். எங்கள் ஆபீசில் சின்னவர் பெரியவர் இல்லாமல் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தனியாகத் தமிழில் பேசும்போது மட்டும் அவள் என்னை அக்கா என்பாள். ஏதாவது பழுதாகி எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, அவள் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். டீம் பெருத்துக்கொண்டே போனது. பாதியை இவளிடம் கொடுத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று என் பக்கத்துச் சுயநலமும் இருந்தது.

பதவி உயர்வு எங்கள் இடத்தில் தானாக வராது. மேனேஜர்கள் எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து அவரவர் ஆளுக்காக வாதாட வேண்டும். முதல் தடவை தோற்றேன். அடுத்த தடவை, இன்னொரு மேனேஜரைப் பகைத்துக்கொண்டு ஜெயித்தேன்.

ஒரு சின்ன மீட்டிங் ரூமுக்கு அவளை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் வேணாம்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமாயிடுமா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "ஏன், வீட்ல ஏதாவது பிரச்சனையா? கல்யாணம் பேசுறாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா. உங்கள தினமும் பாக்குறேன் இல்ல."

"பாத்து?"

"மேல ஒண்ணு முடிவு பண்றாங்க, நாங்க உங்கள திட்டுறோம். நாங்க தப்பு பண்றோம், அவங்க உங்கள திட்டுறாங்க. நல்லா போச்சுன்னா பாராட்டு மெயில் எங்க பேருக்கு வருது. நீங்க நல்லாத்தான் பண்றீங்கக்கா. ஆனா நீங்க சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. இதையே பண்றேனே."

முதலில் வந்தது கோபம்தான். உனக்காக யார் யாரைப் பகைத்துக்கொண்டேன் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, ஆட்களை வளர்த்துவிடுவதில் இருக்கும் திருப்தி பற்றிப் பேச ஆரம்பித்தேன். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கம். அவள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டாள். பாதியிலேயே எனக்கு அலுத்துவிட்டது. "சரி, போ. யோசிச்சுச் சொல்லு" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. அல்சூரில் இறங்கி ஆட்டோ பிடித்து பிரேசர் டவுன் வீட்டுக்குப் போனேன். என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் ராத்திரிச் சமையல் அவருடையது. பூண்டு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னதுல தப்பு எதுவும் இருக்கிற மாதிரி தெரியலியே" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது. உங்களையும்தான் ஹெட்மாஸ்டர் ஆகச் சொன்னாங்க, நீங்க வேணாம்னுட்டு வந்து நின்னீங்க."

"நீ ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"அது வேற."

அவர் பூண்டை வாணலியில் போட்டுவிட்டு, தட்டெடுத்து வைக்கச் சொன்னார்.

அவள் யோசித்தும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. மறுவாரம் டைரக்டரிடம் சொன்னேன். அவர் மைசூர்க்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அவருக்கு நம்பவே முடியவில்லை. "மாத்தாடி நோடி" என்றார், நிதானமாகப் பேசிப் பாருங்கள், வழிக்கு வந்துவிடுவாள் என்கிற மாதிரி. சரி என்று வந்தேன். அடுத்த நாள் கேன்டீனில் அவள் எதிரே போய் உட்கார்ந்தபோது, எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக இருந்தாள். நானோ அவள் ஊரில் மழை உண்டா என்று கேட்டேன். அங்கே நல்ல மழை என்றாள். இரண்டு பேரும் சாப்பிட்டு எழுந்தோம். பேசிப் பார்த்தாயிற்று, பலனில்லை என்று டைரக்டருக்கு ஒரு வரி அனுப்பினேன்.

அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். நல்லவர்தான், ஆனால் எதையும் என்னிடம் கேட்காமல் செய்ய மாட்டார். பாதிச் சுமை இறங்கும் என்று காத்திருந்த எனக்கு அவரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. அவள் எப்போதும்போல வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஊருக்குப் போயிட்டு வரேன்க்கா" என்று கிளம்புவாள். அவள் லிஃப்டுக்குள் போவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அவள் மேல் கோபம் எப்போது போனது என்று தெரியாது. ஒருநாள் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆண்டு மதிப்பீட்டில், அடுத்த நிலைத் தலைவர்களை உருவாக்குவதில் நான் இன்னும் கவனம் செலுத்த வேண்டும் என்று டைரக்டர் எழுதியிருந்தார். அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோதுதான், திட்டமிடாமலே, "நான் இந்த டீமை விட்டுட்டுப் பழையபடி டெக்னிகல் வேலைக்கே போகலாமா?" என்று கேட்டுவிட்டேன். உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "டயர்டா இருக்கீங்க. ஒரு வாரம் லீவ் எடுங்க. வந்த பிறகு பேசலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

லீவு எடுத்தேன். முதல் இரண்டு நாட்கள் மத்தியானமெல்லாம் தூங்கினேன். மூன்றாவது நாள், ஜன்னல் திரைக்குத் துணி எடுக்க நானும் என் கணவரும் சிவாஜிநகர் போனோம். நெரிசலில் இடித்துக்கொண்டு நடப்பதுகூட நன்றாக இருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு துணியாக உதறிப் போட, எனக்குப் பச்சை பிடித்திருந்தது, இவருக்கு எதுவானாலும் சரி. பச்சையை வெட்டச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. புதிதாக வந்த மேனேஜர். லீவில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, டீமில் இரண்டு பேருக்குள் சண்டை, என்ன செய்வது என்று கேட்டார்.

வெளியே வந்து, பஸ்களின் ஹாரனுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, யாரிடம் முதலில் பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று விளக்கினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் சொன்னது சரியான யோசனைதான். அது எனக்கும் தெரிந்தது. போனை வைத்தபோது இவர் துணிப்பையோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னைக்குக்கு முடிஞ்சுது."

டீ குடிக்கலாமா என்று கேட்டார். உட்கார்ந்து குடிக்கிற இடமாகப் பார்த்துப் போகலாம் என்றேன்.