ஒரு இழுப்பு, இரண்டு தட்டு

"பீப்... பீப்... பீப்..."

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த அண்ணி கண்களை இறுக மூடித் திறந்தாள். கையிலிருந்த வடிகட்டியைக் கூடத்துப் பக்கம் வீசி எறியலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எறியவில்லை. எறிந்தால் அவள்தானே போய் எடுக்க வேண்டும், தரையையும் அவள்தானே துடைக்க வேண்டும்!

"அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்கப்பா! அவர் இப்பதான் கண்ணசந்திருக்கார்!"

"அதைத்தான் அண்ணி பாத்துக்கிட்டிருக்கோம். எது கத்துதுன்னே பிடிபடல!" கூடத்திலிருந்து மெக்கானிக் பதில் குரல் கொடுத்தான்.

அவள் கணவருக்குக் கூடப்பிறந்த தம்பிகள் யாரும் கிடையாது. ஆனாலும் ஊரில் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான். எல்லாம் அவருடைய சிநேகிதத்தால் வந்த உறவு. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவருக்கு வேலை. அலுவலகத்தில் பார்த்தது போதாது என்று வீட்டுக் கூடத்திலும் ஒரு சங்கம் வைத்தார். பழைய கம்ப்யூட்டர் சங்கம். யாரோ மூலையில் தள்ளிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, திறந்து, தூசி தட்டி, மறுபடி உயிர் கொடுக்கிற சங்கம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கூடுவார்கள். அந்த நாட்களில் உட்கார ஒரு நாற்காலி மிஞ்சாது. அவள் முணுமுணுப்பாள், முணுமுணுத்துக்கொண்டே தேநீர் போடுவாள். அப்போதெல்லாம் அந்த முணுமுணுப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

இப்போது முணுமுணுக்கவும் தெம்பில்லை.

போன வருடம் பக்கவாதம் அவரைச் சாய்த்துவிட்டது. வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சு போயிற்று. எழுத்துப் பலகை வைத்துப் பார்த்தாள். ஆயிரம் பெட்டிகளின் உள்ளம் தெரிந்த மனிதர், அந்த எழுத்துகளை முன்பின் பார்த்திராதவர் போல வெறித்தார். மிஞ்சியது இடது கை ஒன்றுதான். அந்தக் கையில் ஒரு மோதிரம், கல்யாணத்தன்று அவள் போட்டது.

அந்த மோதிரம்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. விழித்திருக்கும்போதெல்லாம் கட்டிலின் இரும்புக் கம்பியில் அதை ஒருமுறை நீளமாக இழுப்பார், பிறகு இரண்டு தட்டுத் தட்டுவார். க்ர்ர்ர்... டக், டக். முதலில் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கால் வலி என்று பிடித்துவிட்டாள். போர்வையை மாற்றினாள், ரேடியோ வைத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கண் மூடலைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் ஆபரேட்டராக இருந்தவள் அவள்! கரகரக்கிற லைனிலும், யாருக்கு யார் வேண்டும் என்று ஒரு மூச்சில் புரிந்துகொண்டு இணைத்துவிடுகிற காது அவளுடையது. அந்தக் காதைத்தான் இப்போது வீட்டிலேயே ஒரு லைன் ஏய்த்துக்கொண்டிருந்தது.

"பீப்... பீப்... பீப்..."

தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மேசை மேல் மூன்று கம்ப்யூட்டர்கள், மூடி கழற்றிக் கிடந்தன. மூன்று பேர் ஆளுக்கொன்றின் மேல் காதை வைத்துக் கவிழ்ந்திருந்தார்கள். டி.வி. மெக்கானிக், கல்லூரியில் பாடம் எடுக்கும் வாத்தியார், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் குண்டூசி. ஆளும் ஒல்லி, வளைந்த சிப்புக் கால்களை நிமிர்த்தச் சட்டைப் பையில் எப்போதும் குண்டூசியும் வைத்திருப்பார், பெயர் ஒட்டிக்கொண்டது.

"நிக்காம குட்டை குட்டையா வந்தா பவர் கோளாறு," என்றார் வாத்தியார்.

"மெமரியாவும் இருக்கலாம்," என்றார் குண்டூசி.

"நீ எதுக்கெடுத்தாலும் மெமரிம்பே. உன் மெமரியைத்தான் முதல்ல கழட்டித் துடைக்கணும். போன தடவை என் ஸ்க்ரூட்ரைவரை எங்கே வச்சே?"

இந்த மெஷின்களுக்கு வாய் கிடையாது. திரையில் சொல்ல முடியாத கோளாறைச் சத்தமாகச் சொல்லும். நீளம் இத்தனை, குட்டை இத்தனை என்று ஒவ்வொரு நோவுக்கும் ஒரு கணக்கு. ஒரே ஒரு குட்டைச் சத்தம் வந்தால் எல்லாம் சுகம். அது வரத்தான் மூவரும் காலையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால், இதுதான் கடைசிக் கூட்டம்.

அண்ணி போன கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். அவர் கிடக்கிற உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. வந்து பார்த்துப் போகும் நர்ஸ், "வெளிச்சமும் காத்தும் படற இடத்துல போடுங்கம்மா, இல்லன்னா மனுஷன் இன்னும் சுருங்கிடுவார்" என்றாள். ஜன்னல் இருப்பது கூடத்தில். கூடம் முழுக்கக் கம்ப்யூட்டர். நாடகத்துக்கும் படப்பிடிப்புக்கும் பழைய சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் பேசினாள். "உள்ளே ஓடணும்னு அவசியமில்லம்மா, பாக்க இருந்தாப் போதும்" என்று அவர் சொன்னார். இன்றைக்கு வேன் வருகிறது.

"பாக்க இருந்தாப் போதுமாம்!" குண்டூசிக்கு அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் நின்றது. "ஹீரோ வில்லனைத் தூக்கி இது மேலதான் போடுவான், பாருங்க."

"வில்லன் பிழைச்சுக்குவான். உன்னைத் தூக்கிப் போட்டாதான் கஷ்டம், எங்கே விழுந்தேன்னு தேடணும்," என்றார் வாத்தியார்.

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டான். "போறது போகட்டும் அண்ணி. உயிரோட அனுப்பணும், அவ்வளவுதான். அண்ணன் எப்படி இருக்கார்?"

"தூங்கறார்."

"அப்படியா. தூங்கட்டும், தூங்கட்டும்."

கூடுகிற ஞாயிறெல்லாம் இதே கேள்வி, இதே பதில். உள்ளறை எட்டடி வைத்தால் வந்துவிடும். ஆனால் கதவு சாத்தியிருக்கும். அந்த மூவரின் கால்களும் சமையலறையைத் தாண்டியதில்லை. பெட்டிக்காக வருகிறார்களா, மனுஷனுக்காகவா? கேட்க வேண்டும் என்று நெஞ்சு கொதிக்கும். கேட்கத் தெம்பிருந்தால்தானே! இரவில் இரண்டு தடவை எழுந்து, அவரைத் தனியாளாகப் புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பு விட்டுப்போனவளுக்குச் சண்டை போடுவதும் ஒரு வேலைதான்.

"பீப்... பீப்... பீப்..."

"இதை அணைச்சாச்சு. இன்னும் கத்துது."

"அப்ப நடுவுல இருக்கறது."

"அதையும் அணைச்சாச்சு."

"யூ.பி.எஸ். பேட்டரிப்பா! அதோட ஒயரைப் பிடுங்கு!"

பிடுங்கினார்கள். மேசை மேல் இனிப் பிடுங்க ஒரு ஒயர் பாக்கியில்லை. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பீப்... பீப்... பீப்..."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்கதவுப் பக்கமிருந்து ஒரு புதுக் குரல் வந்தது.

"அம்மா, வேன் பின்சந்துலதான் நிக்கும்னு இப்படியே வந்துட்டேன். உள்ளே யாரும் இல்லையா? ஏதோ கத்திக்கிட்டே இருக்கே, பாக்கக் கூடாதா?"

அண்ணி கையிலிருந்த கோப்பையோடு அங்கே போனாள். சாமான்காரர். நரைத்த மீசை, கையில் ஒரு கயிற்றுச் சுருள்.

"அது கூடத்துல... மெஷின் சத்தம்," என்றாள் அண்ணி.

"கூடமா? இந்தக் கதவுக்குள்ளேயிருந்துல்ல வருது!"

அவர் காட்டியது உள்ளறைக் கதவை.

அண்ணியின் கையிலிருந்து கோப்பை நழுவியது. உடைந்ததா, உருண்டதா, அவளுக்குத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கட்டிலடியில் காற்று மெத்தையின் பம்ப்பில் சிவப்பு விளக்கு மின்னி மின்னிக் கத்திக்கொண்டிருந்தது. குழாய் கழன்று தரையில் கிடந்தது. புண் வராமல் உடம்பைத் தாங்க வேண்டிய மெத்தை, காற்றுப் போன டயராகச் சப்பையாகிவிட்டிருந்தது. அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தின் மேலேயே கிடந்தார். தூங்கவில்லை. விழித்திருந்தார். கண்ணோரம் ஈரம் காதுவரை வழிந்திருந்தது.

எவ்வளவு நேரமாக? ஐயோ, அவள் முதல் தேநீருக்குத் தண்ணீர் வைத்ததிலிருந்தே அல்லவா அந்தச் சத்தம் கேட்கிறது! அவர்களுடைய மெஷின் என்று அவள் நினைத்தாள். தங்கள் மெஷின் என்று அவர்களும் நினைத்தார்கள். நடுவில் அவர், வாயில்லாமல்.

தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. தினமும் முடிகிறது, இன்று முடியவில்லை.

"யாராவது வாங்களேன்!"

இந்த ஒரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மூவரும் ஓடி வந்தார்கள். வாசல்படியில் ஒரு நொடி தயங்கினார்கள். மோவாய் கோணி, எலும்பும் தோலுமாக, இவரா அண்ணன்? மெக்கானிக்தான் முதலில் உள்ளே வந்தான்.

"பெரிய மானிட்டர் தூக்கற மாதிரிதான்பா. முதுகுக்கு அடியில கை குடு. வாத்தியாரே, நீங்க கால். ஒண்ணா தூக்கணும்."

சாமான்காரரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். எத்தனை லேசாக எழும்பினார் அவர்! முதுகில் இரண்டு இடத்தில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. குண்டூசி குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தோல் உரியல அண்ணி. இதுக்குக் களிம்பு இருக்கு, கடையிலேர்ந்து கொண்டுவரேன். இந்தப் பக்கம் அழுத்தாமப் படுக்க வைக்கணும்."

குழாயின் முனை விரிந்திருந்தது. மெக்கானிக் ஒயருக்குப் போடுகிற ரப்பர் உறையைக் கொண்டுவந்து மாட்டி, தீக்குச்சிச் சூட்டில் இறுக்கினான். மெத்தை மெல்ல மெல்ல மூச்சு வாங்கி எழுந்தது. அந்தக் கத்தல் நின்றது.

அது நின்றதும் அண்ணிக்கு உள்ளே எதுவோ அறுந்துவிட்டது.

"எத்தனை ஞாயிறு வந்தீங்க! ஒரு பெட்டி செத்துப்போனா மூணு பேர் சுத்தி நின்னு அழறீங்களேப்பா. இங்கே ஒரு மனுஷன் கிடக்கறார்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா?"

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பயம் அண்ணி. அவரை இப்படிப் பாக்கப் பயம். நீங்களும் தூங்கறார்னு சொல்லுவீங்க. அப்பாடான்னு இருக்கும். கதவும் சாத்தியே இருந்துச்சு."

அண்ணி அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவைச் சாத்தி வைத்தது யார்? கம்பீரமாக உலவிய மனிதரை இந்தக் கோலத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சாத்தியது அவள்தானே!

அப்போதுதான் கேட்டது.

க்ர்ர்ர்... டக், டக்.

அண்ணி பழக்கத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். மூன்று ஆண்களும் நின்ற இடத்தில் அசையாமல் நின்றார்கள்.

"அண்ணி, அது என்ன?"

"தண்ணி கேக்கறார். இல்லன்னா கால் வலிக்குதோ என்னவோ. கட்டிலை இங்கே போட்டதிலேர்ந்து இதேதான். நானும் கேக்காத கேள்வியில்ல."

"தண்ணியில்ல அண்ணி." வாத்தியார் கட்டிலை நோக்கி ஓரடி வைத்தார். "ஒரு நீளம், ரெண்டு குட்டை."

"திரை," என்றார் குண்டூசி.

"புரியற மாதிரி சொல்லுங்கப்பா!"

மெக்கானிக் கட்டிலருகே மண்டியிட்டான். "திரை வேலை செய்யலன்னா மெஷின் இப்படித்தான் அண்ணி சொல்லும். ஒரு நீளம், ரெண்டு குட்டை. எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். அண்ணே... எதையும் பாக்க முடியலன்னு சொல்றீங்களா? இந்தச் சுவரைத் தவிர ஒண்ணும் தெரியலன்னா?"

மோதிரம் கம்பியில் பட்டது. டக். ஒரே ஒரு தட்டு.

சரி.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். எத்தனை டம்ளர் தண்ணீர்! எத்தனை நாள்! இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பெட்டிகள் ஒவ்வொன்றாக உயிர் பெறுவதைக் கேட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் அவர் கிடந்திருக்கிறார். பார்க்க முடியவில்லை, பார்க்க முடியவில்லை என்று அவர் கதற, தாகம் என்று அவள் வாயில் ஊற்றியிருக்கிறாள். முகத்தைப் பொத்திக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இடது கை மெல்ல நகர்ந்து வந்து அவள் தலை மேல் படிந்தது. அதற்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை.

சாமான்காரர் தொண்டையைச் செருமினார். "வேணும்னா நான் அப்புறமா வரேம்மா. வெறுங்கையோட போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

அண்ணி எழுந்தாள். இடுப்பில் கை ஊன்றித்தான் எழ முடிந்தது.

"இல்லீங்க, எடுத்துட்டுப் போங்க. கட்டில் அங்கே வரணும், இடம் வேணும். ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

எதை என்பதில் மூவருக்கும் சண்டை வந்தது. கடைசியில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுவந்து அவர் கண் முன்னால் காட்டினார்கள், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது போல. பச்சை எழுத்துத் திரை உள்ளதற்கு மோதிரம் ஒரு தட்டுத் தட்டியது. மேசையும் மற்றதெல்லாமும் பின்பக்கமாக வேனுக்குப் போயின. வாசல்படிகளில் முட்டி, ஆளுக்கொரு யோசனை கத்தி, கட்டில் கூடத்துக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்ணைச் சுருக்கினார், திறந்தார், மறுபடி சுருக்கினார். கால்மாட்டில் ஒரு ஸ்டூல் மேல் அந்தப் பெட்டியை வைத்து மெக்கானிக் சுவிட்சைப் போட்டான்.

பீப். ஒன்று. பச்சையாக ஒரு கோடு கண் சிமிட்டத் தொடங்கியது.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். அண்ணி அவர் கண்ணைப் பார்த்தாள். அது திறந்தே இருந்தது.

"நாளைக்குக் காலையில களிம்போட வரேன் அண்ணி, புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை கொடுக்கறேன்," என்றார் குண்டூசி. "சாயந்திரம் நான்," என்றான் மெக்கானிக். வாத்தியார் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். வருவார்களா? வரலாம், வராமலும் போகலாம். அதை இப்போது நம்பவும் சந்தேகப்படவும் அவளிடம் சக்தியில்லை. உட்கார ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் சாமான்காரரை வழியனுப்ப வேண்டுமே. பின்கதவுவரை நடந்தாள். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் நின்னுடுச்சில்லம்மா?"

"நின்னுடுச்சுங்க."

"இனிமே கேட்டா முதல்ல உள்ளே பாருங்க. நான் வரேன். கதவைச் சாத்திக்குங்க."

உள்ளறையின் கதவு திறந்தபடி கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அண்ணி பின்கதவை மட்டும் சாத்தினாள்.