எஞ்சினுக்கு நல்ல நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அப்புத்தளையில் ஒரு புத்தம் புதுக் காருக்குக் கற்பூரம் காட்டினோம். எதற்கு? முதல் ஒயில் மாற்றுவதற்கு!

சிரிக்காதீர்கள். தேங்காய் உடைத்தாயிற்று. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எஞ்சினுக்கும் சந்தனம் வைக்கக் குனிந்த என் மச்சானை, மெக்கானிக் செல்வம்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அப்புத்தளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கார்? அது அக்காவுடையது. அக்கா ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். இத்தனை வருஷமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய் வந்தவர். அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதிக்கு மறுபடி கதவு திறந்ததும் தன் பெயரில் கடன் எடுத்து, தன் பெயரில் கார் வாங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் லைசன்ஸும் எடுத்தார் — முதல் தடவையிலேயே பாஸ்!

ஆனால் சாவி மட்டும் மச்சானின் இடுப்பில்.

"முதல் ஒயில் மாத்துற வரைக்கும் எஞ்சின் பச்சப்புள்ள மாதிரி. கண்டவங்க ஓட்டக்கூடாது" என்றார்.

யார் அந்தக் கண்டவர்? மாதாமாதம் கடன் கட்டுகிறவர்!

சரி, மச்சானாவது ஓட்டினாரா? புது எஞ்சினைப் பாரத்தோடு ஏற்றத்தில் ஏற்றக்கூடாதாம். அப்புத்தளையில் ஏற்றம் இறக்கம் இல்லாத ஒரே இடம் ரயில்வே பிளாட்போரம். அங்கே கார் ஓட்ட விடுவார்களா? ஆகவே வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கார் இறக்கத்தில் உள்ள கோயிலுக்குப் போகும். திரும்பும்போது எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். தன் சொந்தக் காருக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு மூச்சு வாங்க ஏறி வந்த அக்காவை நானே பார்த்திருக்கிறேன். கார் வீட்டுக்கு வந்ததும் போர்வைக்குள் படுத்துவிடும். திங்கட்கிழமை அக்கா மறுபடி பஸ்ஸில்...

"முதல் சேர்விஸ் கம்பெனியில இனாமாத்தானே செஞ்சி தர்றாங்க? பதுளைக்குக் கொண்டு போவமே" என்று அக்கா கேட்டுப் பார்த்தார்.

"இனாமா எவன் நல்ல ஒயில் ஊத்துவான்? நம்மகிட்டதான் சரக்கு இருக்கே!"

அந்தச் சரக்கின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். வரிசைக் காலம் ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை... அந்த நாட்களில் மச்சான் தன் பழைய வேனுக்காக ஒரு பெரிய கேன் ஒயிலை எங்கிருந்தோ பிடித்து வந்தார். பிறகு வேனை விற்றுவிட்டார். ஒயிலை விற்கவில்லை. வியாபாரி அல்லவா — கிடைக்காத சாமானைக் கைவிட மனசு வருமா?

கள்ளனுக்குப் பயந்து கேனை வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்புறம் ஒளித்து வைத்தார். அப்புத்தளை மழையும் பனிமூட்டமும் அதன் தலையில்தான் தேங்கும். ஒளித்தவர் சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் பின்பக்கம் கூட்டிப் போய், மூடியைத் திறந்து காட்டுவார். "பாத்தியா மாப்ள, தங்கம்!" என்று எனக்கும் காட்டியிருக்கிறார். திறந்து திறந்தே அந்த மூடி தளர்ந்துபோனது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஒயில் மாற்றுவதற்குக் கம்பெனி சொல்வது கிலோமீட்டர் கணக்கு. மச்சான் பார்ப்பது பஞ்சாங்கம். "முதல்ல கேனைக் கொஞ்சம் காட்டுங்க முதலாளி" என்று செல்வம் கேட்டார்.

"நல்ல நேரம் முடியப் போகுது. நீங்க பழச எறக்குங்க!" என்று மச்சான் அவசரப்படுத்தினார்.

செல்வமும் காருக்கு அடியில் நுழைந்து, காரோடு வந்த நல்ல ஒயிலை முழுவதும் வடித்துவிட்டார். மச்சான் கேனைத் தூக்கி வந்து, இருமல் மருந்தைக் குலுக்குவது போல நன்றாகக் குலுக்கினார். செல்வம் ஒரு கிண்ணத்தை நீட்டி, அதில் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

வந்தது பால் தேத்தண்ணி! அதே நிறம். நுரை வேறு.

"இது வேனுக்கு ஊத்துற தடிச்ச ஒயிலுங்க. அதுலயும் தண்ணி எறங்கியிருக்கு. இத ஊத்துனா எஞ்சின் போயிரும்" என்றார் செல்வம்.

"ஓட ஓட காஞ்சிரும். ஊத்துங்க!"

செல்வம் கையைக் கட்டிக்கொண்டு பின்வாங்கினார். மச்சான் விடவில்லை. தானே புனலைச் செருகி, கேனைத் தூக்கினார். அப்போதுதான் அதுவரை ஓரமாக நின்ற அக்கா முன்னால் வந்து, புனலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எஞ்சினின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"ஊத்துறதா இருந்தா என் கை மேல ஊத்துங்க."

அக்கா இந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்.

"நாளைக்கு நான் இந்தக் கார்லதான் ஸ்கூலுக்குப் போறேன். சரியான ஒயில வாங்கிட்டு வாங்க."

"இன்னைக்கு இங்க கடை எல்லாம் பூட்டுடீ..."

"பண்டாரவளையில தெறந்திருக்கும்."

"எப்படிப் போறது? கார்ல ஒயில் இல்லையே!"

"பஸ் இருக்குங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பாவம் என்று சொல்லத்தான் வேண்டும் — ஆனால் மனசு வரவில்லை. பூஜைக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு மச்சான் பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? திரும்பி வந்தபோது நெற்றிச் சந்தனம் மூக்கில் இருந்தது. வேட்டிக் கரையில் யாருடைய செருப்புத் தடமோ. புது ஒயில் கேனை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"போகயிலயும் நின்னுக்கிட்டே, வரயிலயும் நின்னுக்கிட்டே... தெனமும் இப்படியா போற?" என்று அக்காவிடம் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்! அக்கா கேனை வாங்கிச் செல்வத்திடம் கொடுத்தார்.

நமக்கெல்லாம் ஒரு வியாதி இருக்கிறது. அதற்குப் பெயர் 'பத்திரம்'. நல்ல பீங்கானை அலுமாரியில் பூட்டிவிட்டு உடைந்த கோப்பையில் குடிப்போம். ரிமோட்டின் பொலித்தீனைக் கழற்ற மாட்டோம். தட்டுப்பாட்டில் அடிபட்டவர்கள் நாம்; சேர்த்து வைப்பது தப்பில்லை. ஆனால் வைத்ததைப் பாவிக்கவும் விடாமல் காவல் காத்தால்? சாமானோடு விட்டாலும் பரவாயில்லை. வீட்டுப் பெண்களிடம் வந்ததும் இந்தப் பத்திரம் இன்னும் விசேஷமாகிவிடுகிறது. 'வளைவு பொல்லாதது, பனி பொல்லாதது, நீ ஓட்டாதே' என்று அக்கறையாகச் சொல்கிறோம். அதே வளைவில், அதே பனியில், பஸ் மிதிபலகையில் அவர்கள் தொங்கிக்கொண்டு போனால் மட்டும் நமக்கு ஒரு பயமும் வருவதில்லை!

திங்கட்கிழமை அக்கா காரை எடுத்தார். துணைக்கு மச்சான் பக்கத்து சீட்டில். ஹல்துமுல்லை வரை ஒவ்வொரு வளைவிலும், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனாராம். பாடசாலை வாசலில் கார் நின்ற பிறகுதான் வாய் திறந்தார்.

"பரவாயில்ல, நல்லாத்தான் ஓட்டுற. அடுத்த ஒயில் மாத்துறதுக்கும் இப்பவே ஒரு நல்ல நேரம் பாத்து வைக்கவா?"

அக்கா சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாராம்:

"பாருங்க. அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போக பஸ் நேரத்தையும் பாத்துக்குங்க."