பல் டாக்டரைத் திட்டப் போன கண்டக்டரம்மா

கண்டக்டரம்மாவுக்கு வாய் அதிகம் என்று சொல்கிறவர்கள் அவருடைய பஸ்ஸில் போகாதவர்கள். போனவர்களுக்குத் தெரியும், அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அந்த வண்டி டிப்போ வாசலையே தாண்டியிருக்காது. படிக்கட்டில் தொங்குகிறவர்கள், ஏறியதும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், தூங்குவதுபோல் நடித்து டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கிறவர்கள் எல்லாரையும் அவர் வாயாலேயே மேய்த்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வராது. "ஐயா, இது உங்க வீட்டு வாசல் இல்ல. ரெண்டு எட்டு உள்ள போனீங்கன்னா மத்தவங்களும் வீடு போய்ச் சேருவாங்க" என்பார். திட்டு வாங்கியவர் சிரித்துக்கொண்டே நகர்வார். வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு உறைக்கும்.

முட்டிவலி வந்து வேலையை விட்ட பிறகு அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில். வீட்டில் மிச்சம் இருந்தது வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் பிஸ்கட் கம்பெனியில், மாவு பிசையும் மெஷின் பக்கத்தில், காலம் முழுக்க நின்றவர். அங்கே கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் பேசாமலே பழகி, அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை அந்தப் பக்கத்திலிருந்து "ம்" தவிர வேறு சத்தம் வராது. "ம்" சொல்கிறவரை எவ்வளவு நேரம்தான் திட்டுவது?

அந்த நேரத்தில்தான் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காகக் கருத்துக்கணிப்பு எடுக்க இரண்டு பேர் கையில் ஒரு டேப்லெட்டோடு தெருவுக்குள் நுழைந்து, கண்டக்டரம்மா வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்கள். அடுத்த அரசாங்கம் முதலில் கவனிக்க வேண்டியது எது, விலைவாசியா, வேலைவாய்ப்பா, பாதுகாப்பா, ஊழலா, ஏதாவது ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

"ஒண்ணுதான் சொல்லணுமா?" என்றார் கண்டக்டரம்மா.

ஆமாம், ஒன்றுதான் என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்தது எல்லாம் திறந்துகொண்டது. பசிக்கிறவனிடம் போய் உனக்குச் சோறு வேண்டுமா தட்டு வேண்டுமா, ஒன்றைச் சொல் என்று கேட்பீர்களா என்று ஆரம்பித்து, விலைவாசியில் ஏறி, வேலையில்லாத பிள்ளைகளின் தெருவில் இறங்கி, நின்றுபோன பஸ் தடங்கள் வழியாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி அவர் திரும்பி வருவதற்குள் அந்த இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு, கைபேசியில் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில் ஒருவர் மெதுவாக, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐயாவின் கருத்து என்ன என்று கேட்டார்.

"அவருக்கும் அதேதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் கண்டக்டரம்மா.

மறுநாளே கட்சி அலுவலகத்திலிருந்து வண்டி வந்துவிட்டது.

அலுவலகம் என்பது மூடிப்போன ஒரு பர்னிச்சர் கடையின் மாடி. விலைச்சீட்டு கிழிக்காத சோபாக்களில் தொண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்கச் சார்ட். எந்தக் கவலை எத்தனை பேருக்கு என்று வண்ண வண்ணமாகக் கம்பங்கள் போட்டிருந்தார்கள். விலைவாசிக் கம்பம் கிட்டத்தட்ட மின்விசிறியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் பொறுப்பு ஒரு பெண். முப்பது வயதிருக்கும், தலையில் பேனாவைச் செருகிவிட்டு அதையே தேடுகிறவள். கண்டக்டரம்மா அன்றே அவளுக்குச் சார்ட்டுப் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்.

சார்ட்டுப் பொண்ணின் சிக்கல் இதுதான். அவர்கள் நிறுத்தியிருந்த வேட்பாளர் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷர், கைராசிக்காரர், ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப்பல் அவருக்குத் தெரியும். ஆனால் ஆயுசு முழுக்க வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடந்தவர்களிடம் மட்டுமே பேசிப் பழகியவர். எதிரில் நிற்பவர் திருப்பிக் கேட்டால் முழிப்பார். வாக்குக் கேட்டுப் போகிற இடத்தில் ஜனங்கள் சும்மா விடுவார்களா? அதற்கு முன்னால் அவரை யாராவது நன்றாகத் திட்டிப் பழக்க வேண்டும்.

"தினமும் வந்து திட்டணும், அவ்வளவுதாம்மா" என்றாள் சார்ட்டுப் பொண்ணு. "கூச்சப்படாம திட்டணும்."

கூச்சமா, அதெல்லாம் நமக்கு ஏது என்று கண்டக்டரம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் நாள் அவர் விலைவாசியை எடுத்து ஒரு பிடி பிடித்ததும் டாக்டர் பதறிப்போய், "வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்குங்க, முடிஞ்சிரும்" என்றார். தொண்டர்கள் சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சார்ட்டுப் பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. குறுக்கே பேசாதீர்கள், 'ஆனால்' என்ற சொல்லே வேண்டாம், அவர்கள் சொன்னதை முதலில் நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், பிறகு பதிலுக்குப் போங்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கெட்டிக்காரி. கண்டக்டரம்மாவே சும்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டது அவள் பேச்சை மட்டும்தான். திட்டுகிறவர்களைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லையாம். "நம்மால ஏதோ ஆகும்னு நினைக்கிறவங்கதாம்மா திட்டுவாங்க. சிரிச்சுக்கிட்டே கதவைச் சாத்துறாங்க பாருங்க, அவங்க ஓட்டுதான் கைவிட்டுப் போனது" என்பாள்.

நாள் போகப் போகக் கண்டக்டரம்மாவுக்குத் தொழில் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் வேலையில்லாத பட்டதாரியாக வந்து திட்டினார். ஒரு நாள் மளிகைக்கடைக்காரர், அதற்காகக் காதில் பென்சில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் மூன்று பிள்ளைகளின் தாய். டாக்டரும் தேறிக்கொண்டே வந்தார். திட்டு விழ விழத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டு, "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா" என்று இழுத்து, அப்புறம் கோர்வையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றிரண்டு முறை கண்டக்டரம்மாவே பதிலுக்குப் பதில் கிடைக்காமல் தடுமாறினார். அந்த எரிச்சலில் வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு ஒத்திகை பார்ப்பார். வீட்டுக்காரர்தான் டாக்டர். செய்தித்தாளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இவர் கேள்வி மேல் கேள்வியாக அடுக்க, அந்தப் பக்கத்திலிருந்து "ம்" வரும். நீங்க தேறவே மாட்டீங்க, அந்தப் பல் டாக்டரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவார்.

அலுவலகத்தில் தொகுதி வரைபடம் ஒன்று இருந்தது. நிச்சயமாக நமக்குப் போடுகிற தெருக்களுக்குப் பச்சை, போடவே போடாத தெருக்களுக்குச் சிவப்பு, முடிவு செய்யாதவர்களுக்கு மஞ்சள். கண்டக்டரம்மாவின் தெரு பளிச்சென்று மஞ்சளில் இருந்தது. தன் தெருவுக்கு ஏதோ நோய் என்று சொல்லிவிட்டதுபோல அவருக்குக் கோபம் வந்தது. சார்ட்டுப் பொண்ணு சமாதானம் செய்தாள். கடைசி வாரம் முழுக்கப் பச்சையையும் சிவப்பையும் விட்டுவிட்டு மஞ்சளில்தான் நடக்கப் போகிறோம், ஜெயிப்பதும் தோற்பதும் உங்கள் தெருவில்தான் என்றாள். அங்கே வரும்போது மட்டும் நீங்கள் எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, வெளியிலேயே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

அவர்கள் வந்தது ஒரு சாயங்காலம். கண்டக்டரம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வெள்ளைச் சட்டையில், கற்ற பதில்களை எல்லாம் மனசுக்குள் உருப்போட்டபடி, முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. திறந்தவர் சிரித்தார், நோட்டீஸை வாங்கிக்கொண்டார், "பாக்கலாம் டாக்டர்" என்றார், கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டிலும் சிரிப்பு. அதற்கடுத்த வீட்டில் ஒரு அம்மாள் சிரித்ததோடு நிற்காமல் வெயிலில் அலையாதீர்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுச் சாத்தினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் முகம் வாடிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த சார்ட்டுப் பொண்ணு தலையில் செருகிய பேனாவை எடுத்துக் கடிக்கத் தொடங்கிவிட்டாள்.

கண்டக்டரம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நாம் தேற்றிவிட்ட பிள்ளையை இப்படியா விடுவது? தடதடவென்று வெளியே வந்து, தெரு நடுவில் நின்று, விலைவாசியை எடுத்து ஆரம்பித்தார். டாக்டருக்குப் போன உயிர் திரும்பியது. கண்டக்டரம்மா கேட்டு முடிக்கும் முன்பே கோர்வையாகப் பதில் சொன்னார். அந்த உற்சாகத்திலேயே, கண்டக்டரம்மா இன்னும் கேட்கவே கேட்காத இரண்டாவது கேள்விக்கும் "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா" என்று பதிலைத் தொடங்கிவிட்டார்.

முனையில் இருந்த நிஜமான மளிகைக்கடைக்காரர் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் நல்லா பேசி வச்சிருக்கீங்க போல" என்றார். அங்கங்கே கதவுகள் திறந்தன. எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மாவுக்குப் பஸ்ஸில் ஒருநாளும் நேராத ஒன்று நேர்ந்தது. வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் ஒண்ணு கேக்கலாமா, டாக்டர்?"

வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்டக்டரம்மா பழக்கதோஷத்தில் "நீங்க உள்ள போங்க" என்றார். அவர் போகவில்லை. கையால் சுவரைத் தடவியபடி ஒரு படி இறங்கி வந்தார்.

"எனக்கு ரெண்டு கண்ணும் புகை மூட்டமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை போயிட்டேன். கண் டாக்டர் இல்ல, அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிடறாங்க. இந்த ஊர்ல கண் டாக்டர் எப்ப வருவார்? எனக்கு இது ஒண்ணுதான் கேள்வி."

கண்டக்டரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். மூன்று தடவையா? எப்போது போனார்? ஆறேழு மாதமாகத் தினமும் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் ஒருநாள்கூடப் பக்கத்தைத் திருப்பியதாக இப்போது நினைவுக்கு வரவில்லை.

சார்ட்டில் கண் டாக்டருக்கு ஒரு கம்பமே கிடையாது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் அடித்துப் பார்க்கும் சின்ன டார்ச்சை எடுத்தார். பெரியவரின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "மேல பாருங்க" என்று கண்ணில் அடித்துப் பார்த்தார். தேர்தல் நேரத்தில் நடுத்தெருவில் வைத்தியம் பார்த்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் புகார் கொடுப்பார்கள் என்று சார்ட்டுப் பொண்ணு காதோரமாக முணுமுணுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இது என் வேலை இல்ல, ஆனா எனக்கே தெரியுது. புரை முத்தியிருக்கு. தள்ளிப்போடாதீங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கண் டாக்டர் இல்லைங்கறதே எனக்குத் தெரியாதுங்க. அதே ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் என் கிளினிக்" என்றார்.

"எதிர்லயே இருந்துக்கிட்டுத் தெரியாதா?" என்றார் மளிகைக்கடைக்காரர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு தெருவைப் பிடிக்க முடியவில்லை. மேல் மாடியிலிருந்து ஒருவர் குடிதண்ணீர் வண்டியைப் பற்றிக் கேட்டார். அக்கறையாகக் கதவைச் சாத்திய அம்மாள் திரும்பத் திறந்துகொண்டு வந்து, உங்கள் பிரச்சார வண்டியின் சத்தத்தில் என் பேத்தி பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை, அதை முதலில் நிறுத்துங்கள் என்று சண்டை பிடித்தார். ஒத்திகை பார்த்த கேள்வி ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் உளறினார், வியர்த்தார், இரண்டு இடத்தில் 'ஆனால்' என்றும் சொல்லிவிட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு அவர் தெருவைத் தாண்டும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. சார்ட்டுப் பொண்ணு மட்டும் ஏதோ பரிசு விழுந்தவள்போல வேகவேகமாக எழுதிக்கொண்டே போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் கண்டக்டரம்மா கணவருக்கு எதிரில் உட்கார்ந்தார். திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். குரல்தான் வேறு மாதிரி வந்தது.

"ஏங்க, இதை எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர். "அன்னைக்கு நீ வேலையில்லாத பட்டதாரியா இருந்த. மறுநாள் வந்தேன், மளிகைக்கடைக்காரரா இருந்த. என்னைக்கு நீ நீயா இருக்கேன்னு எனக்குத் தெரியலம்மா."

அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நாட்டில் உள்ள அத்தனை பேருக்காகவும் வாயாடிவிட்டு, வீட்டில் இருந்த ஒரு வாக்காளரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று அன்று இரவு முழுக்க அவருக்கு ஆறவில்லை.

மறுநாள் வந்த கட்சி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். வழியில் ஒருவர் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றார். அவரைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே எதிர்க்கட்சி ஆள் ஒருவர் நைசாக வந்து, எங்கள் வேட்பாளரோடு விவாதம் பண்ணிப் பழக, நீங்கள் பல் டாக்டராக நடிக்க முடியுமா, அவருடைய பதில்கள் எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாமே என்று கேட்டார். பதில் மனப்பாடம்தான், அவர் முழிப்பது போல முழிக்க எனக்கு வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தேர்தலில் டாக்டர் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். மஞ்சள் தெருவில் மட்டும் அவருக்கு நிறைய விழுந்திருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். கடைசி வாரம் அவர் போன இடமெல்லாம் கண் டாக்டர், கண் டாக்டர் என்று பேசியதைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரரும் அதையே பேசத் தொடங்கினார். ஜெயித்த பிறகு வேறு வழியில்லாமல் ஒரு கண் டாக்டரைக் கொண்டுவந்தும் விட்டார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கண்டக்டரம்மாவைக் கேட்டவர்களுக்கு, அவருக்குத் தெரிந்த எல்லாத் திட்டும் கிடைத்தது. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

சார்ட்டுப் பொண்ணு இப்போது வேறு ஊரில், வேறு தேர்தலில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். அங்கே ஒரு வக்கீலம்மா நிற்கிறார், யார் எது கேட்டாலும் குறுக்கு விசாரணை செய்கிறார், ஒரு வாரம் வந்து திட்டிவிட்டுப் போக முடியுமா என்று கெஞ்சினாள்.

"வரேன் கண்ணு, அவருக்கு இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் முடியட்டும்" என்று போனை வைத்துவிட்டு, கண்டக்டரம்மா சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுகிறது, நேற்றும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பிடி என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ம்" என்றார் கண்டக்டரம்மா.