வாசலில் நின்ற வைக்கோல் போர்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் நேராக வீட்டுக்குள் வரமாட்டார்கள். முதலில் வைக்கோல் போரை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். போர் பெரிதாக இருந்தால் நெல்லும் உண்டு, மாடும் உண்டு என்று அர்த்தம். பெண்ணின் மூக்கு, முழி எல்லாம் அதற்கப்புறம்தான்.

என்னைப் பார்க்க ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தபோது எங்கள் வாசலில் போரே இல்லை. கோமாரி நோய் வந்து மாடுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. சாணி இல்லை, எருவுக்கு வழியில்லை. அப்பா இருந்த வைக்கோலை எல்லாம் வயலில் பரப்பி, இரவல் மாடு பூட்டிச் சேற்றோடு உழுது, கையோடு நாற்றும் நட்டுவிட்டார். காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களெல்லாம் பச்சையாக நிற்க, எங்களுடையது மட்டும் காமாலை கண்டதுபோல் வெளுத்துக் கிடந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் வந்தார். "இன்னாங்க, மாடு தின்றத எடுத்து மண்ணுக்குப் போட்டுட்டீங்களே?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் வண்டி ஏறிவிட்டார்கள். பட்டுப் புடவையோடு கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மொதல்ல மண்ணு தன் பசிக்குத் தின்னும்மா. வைக்கோலு மக்கின அப்புறம்தான் பயிருக்குக் குடுக்கும்" என்றார் அப்பா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கல்யாணத்தைச் சேற்றில் போட்டு மிதித்த மனுஷனோடு என்ன பேச்சு?

பயிர் பிறகு தேறிவிட்டது. ஊரிலேயே எங்கள் வயலில்தான் கதிர் கனமாகச் சாய்ந்தது. சேதி ஆம்பூர் வரை போய், அதே ஆட்கள் திரும்பி வந்தார்கள். கல்யாணம் நடந்தது.

புகுந்த வீட்டு வாசலில் கூரை உயரத்துக்குப் போர் நின்றது. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனேன். கை உள்ளே போனதும் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் ஊறவைத்துக் கழித்துப் போட்ட ஆவாரம் பட்டை! அதை மலையாகக் குவித்து, மேலே வைக்கோலைப் போர்த்தியிருந்தார்கள்.

மாமியார் ஓடி வந்தார். "பாத்துப் புடுங்கும்மா, வெளிய தெரிஞ்சிடப் போவுது." நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அன்றிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், பட்டை தெரிகிற இடத்தில் வைக்கோல் செருகுவது என் வேலை ஆனது.

தலைதீபாவளிச் சீரோடு அப்பா வந்தார். வழக்கம் விடுமா? போரைச் சுற்றினார். கை வைத்துவிடக் கூடாதே என்று உள்ளேயிருந்து தவித்தேன். வைத்தார். கையை வெளியே எடுத்து மெல்ல முகர்ந்தார். பக்கத்தில் நின்ற மாமனார் தெருவைப் பார்த்தார்.

"போரு நல்லா போட்டுக்கீறீங்க" என்றார் அப்பா. உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த மோரைச் சொட்டு விடாமல் குடித்தார்.

டம்ளரை என்னிடம் நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "பட்டையும் நல்லா மக்கினா மண்ணுக்கு ஆகும்மா" என்றார். அவர் விரல்களில் ஷாப்பு நாற்றம் அடித்தது. நான் தலை நிமிரவில்லை.